பாம்பு சட்டையைச் சரியாக உரிக்கவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டொராண்டோ பக்கத்தில் இருக்கிறேன். பதினொரு வருடமாக ஒரு பால் பைத்தன் வளர்க்கிறேன். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு அது. பெயர் முத்து. இங்கே தமிழ் வீடுகளிலும் பிள்ளைகள் பால் பைத்தனோ கார்ன் பாம்போ வாங்கி வளர்க்கிறார்கள். நவம்பரில் வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் சட்டை உரிப்பது பற்றித்தான் இருக்கும். அவற்றை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

பாம்பின் கண் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிட்டது. பார்வை போய்விட்டதா?

இல்லை, பயப்பட வேண்டாம். சட்டை உரிக்கப் போகிறது என்பதற்கான அடையாளம் அது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் இருக்கிறது. உடம்புத் தோல் உரியும்போது அந்தக் கண் செதிலும் சேர்ந்தே உரிய வேண்டும். பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் முழுதாக வளர்ந்ததும், இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவம் சுரந்து பழையதைப் பிரித்துவிடுகிறது. கண் வெளுத்து நீலம் பாய்ந்த மாதிரி தெரிவதும், உடம்பு நிறம் மங்குவதும், வயிறு இளஞ்சிவப்பாக மாறுவதும் இந்தத் திரவத்தால்தான்.

சில நாளில் கண் மறுபடி தெளிந்துவிடும். 'உரிக்காமலே சரியாகிவிட்டதே' என்று பலர் குழம்புவது இந்தக் கட்டத்தில்தான். கண் தெளிந்து மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் பாம்பு மூக்கை எதிலாவது உரசி, உதட்டோரத்தில் தோலைக் கிளப்பி, உள்பக்கம் வெளியே வரும்படி, காலுறையைக் கழற்றுவது போலக் கழற்றிவிடும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகலாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை உரிக்கும்?

வளரும் குட்டி நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. வளர்ந்தது வருடத்துக்குச் சில முறைதான். காயம் பட்டால் இடையிலேயே உரிக்கலாம். பால் பைத்தன் பெண்ணாக இருந்தால், முட்டையிடுவதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒருமுறை உரிக்கும்.

எது சரி, எது பிரச்சினை? எதை வைத்துச் சொல்வது?

கழற்றிப் போட்ட சட்டையே சொல்லிவிடும். மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டாக இருந்தால் எல்லாம் சரி. துண்டு துண்டாகக் கிடந்தால், அல்லது பாம்பின் மேல் காய்ந்த பிளாஸ்டிக் தாள் மாதிரி திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தால் சிக்கல்.

சட்டையைத் தூக்கி எறிவதற்கு முன் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று தலை. கண் இருந்த இடத்தில் சின்னக் குமிழ் போல இரண்டு கண் செதில்களும் இருக்க வேண்டும். ஓட்டை தெரிந்தால் அந்தப் பக்கத்துச் செதில் பாம்பின் கண்ணிலேயே தங்கியிருக்கலாம். இன்னொன்று வால் நுனி. அது கூராக முடிய வேண்டும், அறுந்த மாதிரி இருக்கக் கூடாது. சட்டை சுருங்கிக் காய்ந்திருந்தால் தண்ணீரில் நனைத்து மெல்ல விரித்தால் எல்லாம் தெரியும். சட்டை பாம்பைவிட நீளமாக இருக்கும். செதில்களுக்கு இடையில் மடிந்திருக்கும் தோலும் விரிவதால் அப்படி.

ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது?

பத்துக்கு ஒன்பது வீட்டில் நான் பார்த்த காரணம் வறட்சி. பால் பைத்தனின் ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. அங்கே புல்வெளி காய்ந்து கிடக்கும் நாளிலும் அது எலி வளையிலோ கரையான் புற்றிலோ புகுந்து பகலைக் கழிக்கும். மண்ணுக்குள் காற்று ஈரமாக இருக்கும். அந்தப் பிராணியை நாம் கண்ணாடித் தொட்டியில் வைக்கிறோம். மேலே கம்பி வலை மூடி, அதற்கும் மேலே வெப்ப விளக்கு. விளக்கு காற்றைச் சூடாக்க, இருக்கிற ஈரமெல்லாம் வலை வழியாகப் போய்விடுகிறது. வெளியே பனி, உள்ளே ஹீட்டர் என்ற நிலையில் இங்குள்ள வீடுகளில் ஈரப்பதம் 20, 30 சதவீதம் வரை இறங்கிவிடும். நம் உதடே வெடிக்கிறது. பாம்பு என்ன செய்யும்?

உடம்பில் நீர் குறைந்தால் பழைய தோலைப் பிரிக்கும் திரவம் போதுமான அளவு சுரக்காது. வெளிக்காற்றும் வறண்டிருந்தால் பிரிந்த தோல் கழலுவதற்குள் காய்ந்து ஒட்டிவிடும். அதனால் ஒட்டிய தோலை எடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. காற்றைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த முறையும் இதே கதைதான்.

வேறு காரணங்களும் உண்டு. பேன், பழைய காயத் தழும்பு, தீக்காயம், தோல் தொற்று, சரியாகச் சாப்பிடாமல் மெலிந்திருப்பது, தொட்டி போதிய சூடு இல்லாமல் இருப்பது, உரசிக் கழற்ற ஒரு கல்லோ கட்டையோ இல்லாதது. ஈரப்பதம் சரியாக இருந்தும் தொடர்ந்து ஒட்டினால் இவற்றைத் தேட வேண்டும்.

இப்போது தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே என்ன செய்வது?

முதலில் ஈரப் பெட்டி. பாம்பு சுருண்டு படுக்கிற அளவு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள். பெரிய ஐஸ்கிரீம் டப்பா போதும். பாம்பின் உடம்பைவிட நன்றாக அகலமான ஓட்டை ஒன்று போட்டு, விளிம்பை மழுங்கத் தேய்த்துவிடுங்கள். உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்து, நன்றாகப் பிழிந்து நிரப்புங்கள். பாசி இல்லாவிட்டால் நனைத்துப் பிழிந்த காகிதத் துண்டுகள் போதும். தொட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். பாம்பு தானாகப் போய்ப் படுத்து, தானாகக் கழற்றும். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். நான் மற்ற எதையும்விட இதைத்தான் நம்புகிறேன், ஏனென்றால் யாரும் பாம்பைத் தொடவே வேண்டியதில்லை.

ஒரு நாள் கழித்தும் ஒட்டியிருந்தால் ஈரத் துண்டு. பழைய குளியல் துண்டு இரண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, காற்றுத் துளை உள்ள பெட்டியில் போடுங்கள். பாம்பை இரண்டுக்கும் நடுவில் விடுங்கள். அது துண்டின் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும்போது உரசலில் தோல் கழன்று வரும். அரை மணி நேரம் போதும். துண்டு ஆறினால் பாம்பின் உடம்பும் குளிர்ந்துவிடும், அதனால் இடையில் தொட்டுப் பாருங்கள்.

குளிப்பாட்டுவதை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தெரியாது, அதுதான் சரியான சூடு. கையை வைத்து ஊகிக்காமல் வெப்பமானியால் பாருங்கள். நமக்கு இதமாக இருக்கும் வெந்நீர் அதற்கு அதிகம். ஆழம் பாம்பின் உடல் தடிமனில் பாதி இருந்தால் போதும். இருபது நிமிடம், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபோன் வந்தால் எடுக்க வேண்டாம். முத்து தண்ணீரில் விட்டதும் மிரண்டு கரையேறப் பார்க்கும். அந்தப் பயத்தை அதற்குக் கொடுக்காமலே வேலை முடிகிறது என்றால் அதுதான் நல்லது.

கையால் மெல்ல உரித்துவிடலாமா? ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே.

காய்ந்த நிலையில் கூடவே கூடாது. அடியில் இருக்கும் புதுத் தோல் இன்னும் முற்றியிருக்காது. பழையதை இழுத்தால் புதிய செதிலும் சேர்ந்து வரும், ரத்தம் வரும், அந்த இடம் தழும்பாகி அடுத்த முறையும் அங்கேயே ஒட்டும். நன்றாக நனைந்த பிறகு ஈரத் துணியால் உடம்பைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பாம்பை முன்னால் ஊரவிடலாம். தலையிலிருந்து வாலை நோக்கித்தான் தோல் போக வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் வரட்டும். கொஞ்சம் தடுத்தாலும் விட்டுவிட்டு மறுபடி ஈரப் பெட்டிக்கு அனுப்புங்கள்.

கண் செதில் ஒட்டிக்கொண்டது. என்ன செய்வது?

என் தவறைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். முத்து வந்த முதல் குளிர்காலம். உரித்து முடித்த பிறகும் இடது கண் சுருக்கம் விழுந்து மங்கலாகத் தெரிந்தது. ஒட்டு டேப்பை விரலில் சுற்றிக் கண்ணில் ஒற்றி எடுத்தால் செதில் வந்துவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். செய்தேன். மூன்றாவது தடவை ஒற்றியபோது பாம்பு உடம்பையே முறுக்கிப் பின்வாங்கியது. மறுநாள் கண்ணோரம் சிவந்திருந்தது. ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஓடினேன். அவர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, பழைய செதில் எதுவுமே அங்கே இல்லை என்றார். அது புதுச் செதில். நீர் குறைந்ததால் குழி விழுந்திருந்தது, அவ்வளவுதான். அதைத்தான் நான் பிய்க்கப் பார்த்திருக்கிறேன். கிழியாமல் தப்பியது. கிழிந்திருந்தால் அந்தக் கண் போயிருக்கும். இன்றைக்கும் அந்தக் கண்ணைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன்: சாமணம் வேண்டாம், டேப் வேண்டாம், நகம் வேண்டாம். கழற்றிய சட்டையில் இரண்டு கண் செதில்களும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இரண்டும் இருந்தால் கண்ணில் ஒட்டியது எதுவும் இல்லை; பாம்புக்குத் தண்ணீரும் ஈரக் காற்றும் வேண்டும். ஒன்று குறைந்தால் ஈரப் பெட்டியில் தினமும் படுக்க வசதி செய்யுங்கள். நனைத்த பஞ்சுக் குச்சியால் கண்ணோரத்தில் ஒரு தடவை மெல்ல வருடிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். வராவிட்டால் அடுத்த உரிப்புவரை காத்திருங்கள். ஈரப்பதம் சரியாக இருந்தால் பெரும்பாலும் அப்போது தங்கிய பழைய செதிலும் அடுத்ததும் சேர்ந்தே வந்துவிடும். இரண்டாவது முறையும் தங்கிவிட்டாலோ, கண் வீங்கினாலோ, செதிலுக்கு அடியில் மஞ்சளாகச் சீழ் தெரிந்தாலோ மருத்துவர்தான்.

வால் நுனியில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் கவனிக்காமல் விட்டால் வாலே போகும். ஒட்டிய தோல் காயக் காயச் சுருங்கி, விரலில் நூலை இறுக்கிக் கட்டிய மாதிரி ஆகிவிடும். ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று உரிப்புகளின் தோல் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். வால் நுனியை ஈரத் துணியில் பத்துப் பதினைந்து நிமிடம் பொதிந்து வைத்து, பிறகு அதே துணியால் நுனியை நோக்கி மெல்லத் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் செய்தால் வந்துவிடும். நிறம் கறுத்திருந்தால் நீங்கள் எதுவும் செய்யாமல் காட்டுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

என் அம்மா சொன்ன முதல் வைத்தியமும் இதுதான். வறண்ட தோல் என்றால் நம் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான் போகும். ஆனால் பாம்புக்கு வேண்டாம். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், வாஸ்லின், குழந்தைக்குத் தேய்க்கும் லோஷன், எதுவுமே வேண்டாம். தேவைப்படுவது நீர். மேலே எண்ணெய் பூசினால் நீர் உள்ளே ஊற விடாது, செதில் இடுக்கில் பிசுபிசுப்பாகத் தங்கி அழுக்கைப் பிடித்துவைக்கும். கண்ணில் எண்ணெய் விடுவதும் மஞ்சள் பூசுவதும் கூட அப்படித்தான்.

தொட்டியில் ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? எப்படிக் கூட்டுவது?

பால் பைத்தனுக்குச் சாதாரண நாளில் 60 சதவீதத்துக்குக் குறையாமல், கண் வெளுத்ததிலிருந்து உரித்து முடிக்கும்வரை 70க்கு மேல். கார்ன் பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து வந்தது. அதற்கு 40 முதல் 60, உரிக்கும் நாளில் ஓர் ஈரப் பெட்டி.

இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். முள் ஓடும் வட்ட வடிவ மானி மலிவு, ஆனால் அதை நம்பி ஏமாந்தவர்கள் நிறைய. தொட்டியின் மேல் ஒட்டாமல், பாம்பு படுக்கிற உயரத்தில் வையுங்கள்.

பிறகு வலை மூடி. அதில் முக்கால் பங்கை அலுமினியத் தாளாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ மூடுங்கள். விளக்கு இருக்கும் பகுதியையும் காற்றுக்குக் கொஞ்சம் இடத்தையும் விட்டுவிடுங்கள். அடியில் செய்தித்தாளும் காகிதத் துண்டும் விரித்திருந்தால் ஈரம் தங்காது. தேங்காய் மட்டைச் சில்லும் நார்த்தூளும் நன்றாகத் தாங்கும். நான் இங்கே கடையில் வாங்கும் நார்த்தூள் கட்டி இலங்கையிலிருந்து வருகிறது; பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இதே கட்டிகள் வெளிநாடுகளுக்குப் போகின்றன. நம் ஊர்த் தென்னை மட்டை ஆப்பிரிக்கப் பாம்புக்குக் கனடாவில் மெத்தையாகக் கிடப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நான்கு அங்குலம் பரப்பி, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். அடியடுக்கு ஈரமாகவும் மேலடுக்கு உலர்வாகவும் இருக்க வேண்டும். தேவதாரு மரச் சீவலைப் போடாதீர்கள், அதன் எண்ணெய் வாசனை பாம்புக்கு நஞ்சு.

தண்ணீர்க் கிண்ணம் பாம்பு முழுதாக இறங்கிப் படுக்கிற அளவு இருக்கட்டும். தெளிப்பானால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தண்ணீர் அடிப்பது வீண் வேலை. ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

அப்படியானால் எப்போதும் சொதசொதவென்று வைத்திருக்கலாமா?

வேண்டாம். இன்னொரு பக்கத்துத் தொல்லை அது. நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில் பழுத்துக் கொப்புளம் போடும். குளிரும் ஈரமும் சேர்ந்தால் மூச்சுத் தொற்று வரும். மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு விடுதல், கரகரச் சத்தம் எல்லாம் அதன் அடையாளம். காற்று ஈரமாக இருக்கட்டும், தரை நனையாமல் இருக்கட்டும். வெப்பமும் சரியாக இருக்க வேண்டும்: பால் பைத்தனுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 சுற்றி.

உரிக்கும் நாளில் சாப்பாடு கொடுக்கலாமா? கையில் எடுக்கலாமா?

பலதும் சாப்பிடாது. கொடுத்துப் பார்த்து, மறுத்தால் உரித்த பிறகு கொடுங்கள். கையில் எடுக்காதீர்கள். கண் சரியாகத் தெரியாததால் அது பயந்திருக்கும், எப்போதும் சாதுவாக இருப்பதுகூடச் சீறலாம்.

தண்ணீர்க் கிண்ணத்தில் கறுப்பாகச் சின்னப் புள்ளிகள் மிதக்கின்றன. அழுக்கா?

பாம்புப் பேனாக இருக்கலாம். குண்டூசித் தலையைவிடச் சிறியது, ரத்தம் குடித்ததும் கறுப்பாகத் தெரியும். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பிலும் பாருங்கள். வெள்ளைக் காகிதத் துண்டை நனைத்துப் பாம்பின் உடம்பில் ஓட்டினால் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வரும். பாம்பு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பாம்புக்குப் போடாதீர்கள். தொட்டியில் இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுக் காகிதம் மட்டும் விரித்து வையுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

ஈரப்பதம் சரியாக இருந்தும் அடுத்தடுத்து இரண்டு முறை ஒட்டினால் போங்கள். கண் செதில் இரண்டாம் முறையும் தங்கினால், வால் கறுத்தால், தோலில் புண்ணோ ரத்தமோ தெரிந்தால், எடை குறைந்தால் அதற்குக் காத்திருக்கவே வேண்டாம். நாய் பூனை மட்டும் பார்க்கும் மருத்துவரிடம் போவதைவிட ஊர்வன பார்க்கிறவரை முன்பே தேடி வைத்துக்கொள்வது நல்லது. கழற்றிய சட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. பாம்பைக் குளியல் தொட்டியில் விடலாமா?

வேண்டாம். நலமாக இருக்கும் பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அது பெரிய நோயைக் கொடுத்துவிடும். பாம்புக்கென்று தனி டப்பா, தனித் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைத் தொட்டியில் அவற்றைக் கழுவக் கூடாது. சட்டையைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தமிழ்நாட்டில் தம்பி வீட்டுக் கொல்லையில் ஒரு சாரைப் பாம்பு, பாதிச் சட்டையோடு திரிகிறதாம். பிடித்து உதவலாமா?

பிடிக்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். காட்டுப் பாம்பு செடியிலும் கல்லிலும் உரசித் தானே சமாளிக்கும். சாரை என்று நினைத்தது நாகமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குச் சொல்லலாம். பால் பைத்தன் மாதிரி வெளிநாட்டுப் பாம்பு இந்தியாவில் யாரிடமாவது இருந்தால் அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர்கள் ஆசைப்பட்டால், அங்கே பாம்பு வளர்க்க அனுமதியே இல்லை.

டிசம்பரில் மூன்று வாரம் சென்னைக்குப் போகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அந்த நேரம் உரித்தால்?

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஈரப் பெட்டியைத் தொட்டியில் வைத்துவிடுங்கள். பாம்பு பழகிவிடும். வளர்ந்த பாம்பென்றால் மூன்று வாரம் உணவில்லாமல் இருக்கலாம், அதனால் எலி கொடுக்கும் பொறுப்பை அவருக்கு வைக்காதீர்கள். வெப்ப விளக்கும் வெப்பப் பாயும், சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் ஓடட்டும். அவருக்கு மூன்றே வேலை: இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுவது, பாசி காய்ந்திருந்தால் நனைப்பது, ஈரப்பதமானியைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்புவது. கண் வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் நடு ராத்திரியில் ஃபோன் செய்கிறார்கள். சட்டை கிடந்தால் எடுத்து ஒரு காகிதப் பையில் போட்டுத் தேதி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்து பயணப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பையைத் திறந்து, கண் செதில் இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.